நீர் திறக்கும் நாளும் பள்ளி திறக்கும் நாளும்

தேனியிலிருந்து குமுளியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் மாறிமாறிக் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. இரு பக்கமும் தொலைவில் நின்ற மலைகள் கூடலூரைக் கடந்ததும் மெல்ல நெருங்கி வருகின்றன. பின்னர் சாலைக்கு முன்னே மலையன்றி வேறொன்றும் இல்லை. சமவெளி முடிந்து மலைப்பாதை தொடங்கும் அந்த இடத்தில் இருக்கும் சிற்றூரே லோயர் கேம்ப்.

குமுளிக்கும் தேக்கடிக்கும் செல்லும் பயணிகளுக்கு இவ்வூர் பேருந்துச் சன்னலின் வழியே சில நிமிடங்கள் தோன்றி மறைவதாகும். மலைமீதிருந்து இறங்கி வரும் பெருங்குழாய்களையும் அவற்றின் அடியில் நிற்கும் மின் நிலையத்தையும் பார்த்து வியந்துவிட்டு, முதல் வளைவு வந்ததும் மறந்துவிடுவார்கள். ஆயினும், கோடை முடிந்து பள்ளி திறக்கவிருக்கும் நாட்களில் இங்கே இறங்கி, நான்கு வீடுகளின் திண்ணையில் அமர்ந்து பேசிப் பாருங்கள். குடும்பம் என்ற சொல்லுக்குள் எத்தனை கணக்கும் கவலையும் கனிவும் அடங்கியிருக்கின்றன என்பது விளங்கும்.

முகாமாகிய ஊர்

பெயரைக் கேட்டாலே இது வெள்ளையர் காலத்து வேலைகளின் வழி வந்த ஊர் என்பது புலனாகும். இங்குள்ள எல்லாமே தண்ணீரை முன்னிட்டு வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருக்க, கிழக்கே மதுரையும் இராமநாதபுரமும் பஞ்சத்தில் வாடின. மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடலாம் என்ற எண்ணம் பல்லாண்டுகள் ஏட்டளவில் இருந்தது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887இல் வேலை தொடங்கிற்று. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் அதற்குத் தலைமை தாங்கினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு கட்டப்பட்ட அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. காட்டாற்று வெள்ளமும் காய்ச்சலும் காலராவும் எத்தனையோ தொழிலாளரைப் பலி கொண்டன. அவர்களுள் பெரும்பாலோருடைய பெயர் கல்லில் பொறிக்கப்படவில்லை.

பென்னிகுயிக்கை இப்பள்ளத்தாக்கு மறக்கவில்லை. அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால், அன்று அவர் படத்தின் முன் பொங்கலிடும் ஊர்கள் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய பிள்ளைகளும் இங்கே பள்ளிக்குச் செல்கிறார்கள். லோயர் கேம்பில் அவருக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபம் 2013 ஜனவரியில் திறக்கப்பட்டது.

தேக்கடித் தலைமதகிலிருந்து வரும் நீர், ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள மலைச்சுரங்கத்தைக் கடந்து இப்பக்கம் வருகிறது. பின்னர் நான்கு குழாய்களின் வழியாகச் செங்குத்தாக இறங்கி மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1958ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய இந்நிலையம், 1965இல் நான்காம் இயந்திரமும் சேர்ந்தபோது 140 மெகாவாட் திறன் பெற்றது. பின்னர் அத்திறன் மேலும் உயர்த்தப்பட்டது. மின் நிலையம் நீரை ஏற்காத நாட்களில் அது இரைச்சல் பாலத்தின் வழியே பேரோசையோடு விழுந்து ஆற்றைச் சேரும். அந்த இரைச்சலைக் கேட்டே பழைய ஆட்கள் மேலே எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று மதிப்பிட்டுவிடுவார்கள்.

இந்த ஆற்றைப் பற்றிப் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மழை பெய்தால் பெருகும் ஆற்றைக் குழந்தைகள் வானத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். இதுவோ மதகு திறந்தால் பெருகும் ஆறு. உச்சி வெயிலில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோது, முழங்கால் அளவு நீர் மார்பளவாகிவிடும். கோடை விடுமுறையில் விருந்துக்கு வந்திருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஆகவே இவ்வூர்த் தாய்மாரின் முதல் கட்டளை, "ஆத்துப் பக்கம் பெரியவங்க இல்லாம போகக் கூடாது" என்பதே. அதைக் கண்டிப்பு என்று நினைக்கும் பிள்ளைகள், வளர்ந்து தாமும் பெற்றோரானபின் அதையே தம் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள்.

விடுமுறை நாட்கள்

சித்திரை பிறந்து பள்ளி அடைத்ததும் வீடுகள் நிறைந்துவிடுகின்றன. திருப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். கம்பத்திலிருந்து அத்தை பிள்ளைகள் வருவார்கள். ஐந்து பேர் உண்ட சோற்றுப் பானையில் ஒன்பது பேருக்கு வேகும். சித்திரை முழுநிலவன்று, ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் அனுமதி தரப்படும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்திற்கு, அருகிலுள்ள பளியன்குடி வழியாக மக்கள் மலையேறுவர். எச்சமயத்தாராயினும் இவ்வூர்ச் சிறுவர்க்கு அந்தக் கூட்டத்தைக் காண்பது ஒரு திருநாளே.

விடுமுறை என்பது வேலையின்மையைக் குறிப்பதன்று. மலையடிவாரத் தோப்புகளில் இலவங்காய் வெடிக்கும் பருவம் இதுதான். ஓட்டை உடைத்துப் பஞ்சைப் பிரிக்கும் வேலை பல வீட்டு முற்றங்களில் நடைபெறும். புளியம்பழத்தைத் தட்டிக் கொட்டை எடுக்கும் வேலையும் உண்டு. அப்பத்தா நடுவில் அமர, சுற்றிலும் பேரப் பிள்ளைகள் அமர்ந்து கதை கேட்டுக்கொண்டே கையை ஓட்டுவார்கள். பஞ்சு தலைமயிரில் ஒட்டிக்கொள்ள, ஏழு வயதுப் பையன் எழுபது வயதுக் கிழவனாகத் தோன்றி எல்லாரையும் சிரிக்க வைப்பான். பாட்டியோடு விளையாட்டாகச் செய்யும்வரை இவ்வேலை நல்லதே. காய்க்கணக்குப் பார்த்துக் கூலி தரப்படும் வேலையாகி, பிள்ளையின் விளையாட்டு நேரம் முழுவதையும் அது விழுங்குமானால் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

2023ஆம் ஆண்டுக் கோடைமுடிவை இங்குள்ள பிள்ளைகள் நெடுநாள் மறக்க மாட்டார்கள். கேரளத்தில் சின்னக்கானலிலிருந்து பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை, மலையிறங்கி இந்தப் பக்கம் வந்து, மே 27ஆம் நாள் கம்பம் நகருக்குள்ளேயே புகுந்துவிட்டது. தடையுத்தரவு போடப்பட்டது. ஜூன் 5ஆம் நாள் அது பிடிபடும்வரை பள்ளத்தாக்கின் தாய்மார் பிள்ளைகளை வாசலைத் தாண்ட விடவில்லை. அவ்வாண்டு வெயிலின் கொடுமையால் பள்ளி திறப்பும் ஜூன் இரண்டாம் வாரத்திற்குத் தள்ளிப் போயிற்று. நான்கைந்து குழந்தைகளை ஓர் அறையும் ஒரு திண்ணையும் உள்ள வீட்டில் அடைத்து வைத்திருந்த அந்நாட்களைப் பற்றி ஒரு தாய் சொன்னார்: "யானை ஒண்ணுதான் சாமி வெளியில. வீட்டுக்குள்ள அஞ்சு!"

விடியுமுன் வரும் வண்டி

இப்பள்ளத்தாக்கின் குடும்ப வாழ்வைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் விடியற்காலையில் எழுந்து சாலையோரம் நிற்க வேண்டும். இருள் பிரியுமுன்னே ஜீப்புகள் வரத் தொடங்கும். தலையில் துணி கட்டி, கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகளின் வழியாகவும் நாள்தோறும் இவ்வாறு ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் செல்கின்றனர். மாலை மங்கும் நேரத்தில் அதே வண்டிகளில் திரும்புகின்றனர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய வண்டிகள் வளைவுகளில் கவிழ்ந்த செய்திகளும் அவ்வப்போது வருவதுண்டு. காலையில் வழியனுப்பும் பிள்ளை மாலையில் ஜீப்பின் ஓசைக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பதற்குக் காரணம் பசி மட்டுமன்று.

ஏலச்செடியின் அடியிலிருந்து தரையோடு படர்ந்து வரும் சரத்தில் காய்கள் பிடிக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறித்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் வந்து பறிக்க வேண்டும். குனிந்து, பொறுமையாக, கொடியில் பழுது வராமல் எடுக்கும் இந்த வேலைக்குப் பெண்களையே பெரிதும் நாடுகிறார்கள். கோடை மழையில் களையெடுப்பும் தென்மேற்குப் பருவமழைக்குப் பின் பறிப்பும் என்று வேலை சூடு பிடிக்கும் காலம், பள்ளி திறக்கும் காலத்தோடு வந்து மோதுகிறது.

எல்லைச் சாலை அடைபட்டால் இவ்வீடுகளில் அடுப்பும் அடைபடும். பெரியாறு அணைப் பிரச்சினை முற்றிய 2011 டிசம்பரில் அவ்வாறு நேர்ந்தது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலும் நேர்ந்தது. அணையின் நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா என்பது நாளிதழ் வாசிக்கும் நமக்கு ஒரு வழக்கின் செய்தி. 2014 மே 7ஆம் நாள் 142 அடிக்கு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை இவ்வூர்ச் சிறுவர்கூட அறிவர். ஆயின், மேலே நிற்கும் நீரும் மேலே கிடைக்கும் கூலியும் ஆகிய இரண்டையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு, இரு மாநிலத்து மக்களும் பகையின்றி வாழ்வது அன்றாட உணவைப் போன்ற தேவையாகும்.

மூத்தவள்

மே மாதக் கடைசி வாரத்தில் வீடு சந்திப்பின்போது கண்ட ஒரு குடும்பத்தைப் பெயர் குறிப்பிடாமல் இங்கே சொல்கிறேன். தந்தை தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்பவர். தாய் ஏலத்தோட்டத்திற்குச் செல்பவர். பிள்ளைகள் ஐவர். மூத்தவளுக்கு வயது பதின்மூன்று. அடுத்தவன் ஒன்பது வயதினன்; அவனுக்குக் கீழே ஏழும் நான்கும் வயதுள்ள இரு பெண்கள்; கடைசியாக ஒன்றரை வயதுப் பையன்.

நாங்கள் சென்றது காலை எட்டு மணி. தாய் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மூத்தவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் பழைய சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக்காரி சடை பின்னச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். நான்கு வயதுக்காரியின் ஒரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. ஒன்பது வயதுப் பையன் சென்ற ஆண்டின் பாடநூல் உறையைக் கிழித்துக் காற்றாடி செய்துகொண்டிருந்தான். இவ்வளவு ஆரவாரத்திற்கும் நடுவே மூத்தவள் முகத்தில் எரிச்சல் இல்லை. வீட்டை ஓட்டிப் பழகிய ஒரு பெரிய மனுஷியின் அமைதி இருந்தது. பதின்மூன்று வயது முகத்தில் அதைக் காண மனம் மகிழவில்லை.

பேச்சு பள்ளியைப் பற்றித் திரும்பியது. "ஒன்பதாம் வகுப்பா பாப்பா?" என்று கேட்டேன். அவள் விடை சொல்லாமல் தம்பியின் மூக்கைத் துடைத்தாள். ஏழு வயதுக்காரி முந்திக்கொண்டாள்: "எங்க அக்கா இந்த வருசம் போகாது சாமி. தம்பிய யார் பார்க்குறது?"

வீட்டின் மூலையில் கட்டிலில் படுத்திருந்த அப்பத்தாவுக்கு முழங்கால் வாதம். கூப்பிடு தூரத்தில் பிள்ளை விழுந்தாலும் எழுந்து ஓட இயலாது. "என்ன செய்ய சாமி, ஒரு வருசம்தான். சின்னவன் நடந்து பேசிட்டான்னா அடுத்த வருசம் போயிருவா" என்றார். அன்புடையவர், பேத்திக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். ஆயினும் அந்த "ஒரு வருசம்" என்ற சொல் எத்தனை பெண்களின் பள்ளி வாழ்வுக்கு முற்றுப்புள்ளியாகியிருக்கிறது என்பதைக் கிராமங்களில் பணியாற்றிய எவரும் அறிவர். ஓராண்டு விட்டவள் மறு ஆண்டு தன்னிலும் சிறியவர்களோடு உட்கார வெட்கப்படுவாள். அதற்குள் ஜீப்பில் ஏறும் வயதும் வந்துவிடும்.

மின் நிலையத்துக் குழாய்களைக் காட்டி, பேச்சை மாற்றும் எண்ணத்தோடு, "இப்போது எவ்வளவு கரண்ட் எடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "நூறு கன அடி தண்ணிக்கு ஒன்பது மெகாவாட் வரும் சாமி. ஒண்ணாந் தேதி முந்நூறு விட்டா இருபத்தேழு" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "பேப்பர்ல போடுவாங்க. வகுத்துப் பார்த்தேன்" என்றாள். அறிவு இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இடுப்பிலிருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பகல் பொழுதில் ஒரு மடி வேண்டும். பிரச்சினை அவ்வளவே.

மூன்று மணி நேரம்

இத்தகைய குடும்பங்களுக்கு அரசும் சமுதாயமும் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நன்றியின்மையாகும். தமிழகத்தின் பள்ளிகளில் காமராசர் காலத்தில் பரவிய மதிய உணவும், 1982 ஜூலையில் விரிவான சத்துணவாக மலர்ந்த திட்டமும் எத்தனையோ பிள்ளைகளை வகுப்பறைக்கு அழைத்து வந்தன. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சிப் பணிகள் அங்கன்வாடிகளாக ஊர்தோறும் நிற்கின்றன. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. விடியுமுன் தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இக்காலை உணவின் அருமையைச் சொல்லி முடியாது. மேற்கண்ட வீட்டிலும் ஒன்பது வயதினனுக்கும் ஏழு வயதினளுக்கும் பள்ளி திறந்துவிட்டால் உணவுக் கவலை தீர்ந்துவிடும்.

ஆயினும் இத்தனை நன்மைகளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஜீப்பு விடியலில் போகிறது. அங்கன்வாடியோ பொழுது நன்கு ஏறிய பின்னரே திறக்கிறது. இடையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மாலையிலும் பிள்ளைகள் வீடு வந்த பின்னரே தாய் வந்து சேர்கிறார். கைக்குழந்தைக்கோ பகல் முழுவதுமே ஆள் தேவை. தோட்டத் தொழிலாளரைக் காப்பதற்கென 1951இல் இயற்றப்பட்ட சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளை காப்பகம் அமைக்குமாறு கட்டளையிட்டது. தோட்டத்துக் குடியிருப்பில் வாழும் தாய்க்கு அது உதவியிருக்கும். எல்லை தாண்டி நாட்கூலிக்குச் சென்று இரவில் வேறு மாநிலத்து வீட்டில் உறங்கும் தாய், தன் கைக்குழந்தையை நெரிசலான ஜீப்பில் வைத்து மலையேற்றுவது எப்படி? வேலை ஒரு மாநிலத்தில், தொட்டில் மறு மாநிலத்தில். இந்த இடைவெளியை இதுகாறும் நிரப்பி வந்தது மூத்த பெண் பிள்ளையின் படிப்பே.

இதை உணர்த்தும்போது பழி எவர்மீதும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய் வேலைக்குப் போகாவிட்டால் அரிசி இல்லை; புதிய நோட்டு இல்லை; அப்பத்தாவின் மருந்து இல்லை. மக்கட்பேறு செல்வம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், அச்செல்வத்தைச் சுமக்கும் தோள்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதும் கடமை. ஐந்து பிள்ளைகளை ஒரு தாயும் ஒரு சிறுமியும் மட்டுமே சுமக்கும் வீட்டில் மற்ற தோள்கள் எங்கே போயின?

முறைத் தண்ணீர்

அன்று மாலை ஜீப்பு வந்த பின்னர் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். தாயும் தந்தையும் இருந்தனர். பக்கத்து வீட்டார் இருவரும் வந்து அமர்ந்தனர். அவர்களும் ஏலத்தோட்டத்திற்குச் செல்பவர்கள். அவர்கள் வீடுகளிலும் பள்ளி வயதுக்கு எட்டாத பிள்ளைகள் உண்டு. பேச்சு வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது. வழி கண்டவர் நானல்லேன். கட்டிலில் இருந்த அப்பத்தாவே.

"தண்ணி பத்தாத வருசம் முறை வச்சுத்தானப்பா பாய்ச்சுனோம். இவன் வயலுக்கு இன்னைக்கு, அவன் வயலுக்கு நாளைக்கு. பிள்ளைகளுக்கும் முறை வச்சா என்ன?" என்றார் அவர்.

பாசனக் கால்வாயோடு வாழ்ந்தவர்க்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. முறைத் தண்ணீர் என்பது நீர் குறைந்த காலத்தில் யாரும் முழுதாகக் காயாமல் இருப்பதற்குப் பெரியோர் கண்ட ஏற்பாடு. கடைமடை வயல் காய்ந்தால் தலைமடைக்காரனுக்கு நிம்மதியில்லை என்று அறிந்த ஊரின் அறிவு அது. அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தார் அந்த மூதாட்டி.

மூன்று வீட்டுத் தாய்மாரும் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் செல்பவர்கள். முறைக்கு ஒருவராக, ஒருவர் இரண்டு நாள் வீட்டில் தங்கி மூன்று வீட்டுக் கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது. வேலைக்குச் செல்லும் மற்ற இருவரும் தங்கள் கூலியில் ஒரு பங்கை அன்று தங்கியவருக்குக் கொடுப்பது. காலையில் பள்ளிப் பிள்ளைகளைக் குளிக்கச் செய்து, சடை பின்னி, அனுப்பி வைப்பது உள்ளூரில் வேலை பார்க்கும் தந்தையரின் பொறுப்பு. இப்படிப் பேசி முடித்தார்கள்.

கடைசிச் செய்தியைக் கேட்டதும் தந்தையர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "சடையா?" என்றார் ஒருவர். "தென்ன ஓலை பின்னுற கைக்குச் சடை பின்ன வராதா?" என்று மனைவி திருப்பிக் கேட்க, முற்றம் முழுவதும் சிரிப்பலை எழுந்தது. சிரிப்பில் முடிந்தாலும் அது சிறிய செய்தியன்று. பிள்ளை வளர்ப்பில் தந்தைக்கு உரிய இடம் கூலி கொண்டுவந்து கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. நாசரேத்தூர்த் தச்சர் தம் கையில் உளியை மட்டுமே பிடித்திருந்தார் என்று நாம் எண்ணத் தேவையில்லை.

ஜூன் முதல் நாள்

அணையில் போதிய நீர் உள்ள ஆண்டுகளில் ஜூன் முதல் நாள் தேக்கடித் தலைமதகைத் திறந்து, மலர் தூவி, கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்திற்கு நீர் விடுவது வழக்கம். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதற்காகக் காத்திருக்கும். பாசனத்திற்கு 200 கன அடியும் குடிநீருக்கு 100 கன அடியுமாக நொடிக்கு 300 கன அடி இறங்கும். நாற்றங்கால்களில் விதை விழும். அதே வாரத்திலோ அடுத்த வாரத்திலோ பள்ளியும் திறக்கும்.

குமுளியில் அந்நாட்களில் மழை கொட்டும். கேரளத்துப் பிள்ளைகள் குடையோடு முதல் நாள் வகுப்புக்குப் போவார்கள். சில கிலோமீட்டர் கீழே, லோயர் கேம்பில், மழையின் சாரல் மட்டுமே எட்டிப் பார்க்கும். ஆனால் காற்று வந்துவிடும். கணவாயின் வழியே இறங்கும் தென்மேற்குக் காற்று தென்னை ஓலைகளை ஒரே பக்கமாகச் சீவிவிடும். கொடியில் உலரும் சீருடை பக்கத்துத் தோப்புக்குப் பறக்கும். முதல் நாள் காலையில் காணாமற்போன சட்டையைத் தேடி ஓடும் பிள்ளைகளைக் காண்பது இங்கே ஆண்டுதோறும் நிகழும் வேடிக்கை.

பள்ளி திறந்து மூன்று வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது விசாரித்தேன். முறை பிசகாமல் நடக்கிறதா என்றால், இல்லை. ஒரு வாரம் ஒரு வீட்டில் காய்ச்சல் வந்து முறை தவறியது. கூலிப் பங்கைப் பற்றி ஒருநாள் மனத்தாங்கலும் ஏற்பட்டு, அப்பத்தா கட்டிலிலிருந்தே பஞ்சாயத்துச் செய்து தீர்த்து வைத்திருக்கிறார். மூத்தவள் அந்த மூன்று வாரத்தில் இரண்டு நாள் பள்ளி செல்லவில்லை. மற்ற நாட்களெல்லாம் சென்றிருக்கிறாள். அவளுடைய தங்கையின் சடை ஒரு பக்கம் சற்று இறங்கியே இருக்கிறதாம். "அப்பா பின்னுனது" என்று அவள் பள்ளியில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறாளாம்.

வாசகப் பெருமக்களே, நம் பங்குகளிலும் இத்தகைய வீடுகள் இல்லாமல் இல்லை. ஏலத்தோட்டமாக இல்லாவிடில் செங்கற்சூளையாக இருக்கும்; தீப்பெட்டி ஆலையாக இருக்கும்; பனியன் கம்பெனியாக இருக்கும். புதிய கல்வியாண்டு தொடங்கும்போது நோட்டும் பையும் வாங்கிக் கொடுக்கும் நல்ல வழக்கம் நம்மிடையே உண்டு. அது தொடரட்டும். அதனோடு இன்னொன்றும் கேட்டுப் பார்ப்போம்: இந்தத் தெருவில் எந்த வீட்டு மூத்த பெண் இவ்வாண்டு பள்ளிக்குச் செல்லவில்லை? அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையைப் பகலில் யார் வாங்கிக்கொள்ளலாம்? சங்கக் கூட்டங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் பேசுவதற்கு இதைவிட உகந்த பொருள் வேறு உண்டோ? கதவு திறந்திருக்கும் ஒரு வீடும், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையும், முறை வைத்து வந்து உதவ நான்கு பெண்களும், கூச்சப்படாத சில ஆண்களும் இருந்தால் போதும். ஒரு தெருவின் தொட்டில்கள் அங்கே ஆடும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இத்தகைய உதவிகள் கல்லூரி வாசலில் காத்திருக்கின்றன. அந்த வாசல்வரை பிள்ளை நடந்து போவதற்கு, ஒன்பதாம் வகுப்பில் அவளைப் பிடித்து நிறுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மேற்கே வீணாகப் போய்க்கொண்டிருந்த ஆற்றை ஒரு தலைமுறை உழைத்துத் திருப்பிக் கொணர்ந்ததால் இப்பள்ளத்தாக்கு இன்றும் உண்டு வாழ்கிறது. ஒரு பெண் பிள்ளையின் அறிவைத் திருப்பிக் கொணர மலையைக் குடைய வேண்டியதில்லை. காலையில் மூன்று மணி நேரம், பகலில் ஒரு மடி, சடை பின்ன இரண்டு கைகள். இவற்றை நாம் தரக் கூடும்.